வேலை கிடைத்த பிறகு

2022 ஏப்ரலில் சென்னையின் இரண்டு மென்பொருள் நிறுவனங்கள் கார்களால் செய்தியில் அடிபட்டன. கிஸ்ஃப்ளோ தன் மூத்த ஊழியர்கள் ஐந்து பேருக்கு பி.எம்.டபிள்யூ வாங்கிக் கொடுத்தது. ஐடியாஸ்டூஐடி, நெடுநாள் தன்னோடு இருந்த நூறு பேருக்கு மாருதி கார்களை வழங்கியது. கொடுத்தவர்களின் நன்றியுணர்வைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் செய்தி அந்த ஆண்டில் அவ்வளவு பரவியதற்குக் காரணம் வேறு. பெருந்தொற்றுக் காலத்தில் உலகத் தொழில்களெல்லாம் அவசர அவசரமாக இணையத்துக்கு மாறியதில் மென்பொருள் ஆட்களுக்குக் கடும் தட்டுப்பாடு. ஒரே ஆள் மூன்று ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, நோட்டீஸ் பீரியட் முழுவதையும் பேரம் பேசவே பயன்படுத்திய காலம் அது. 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸ் அறிவித்த ஆட்ரிஷன், அதாவது முந்தைய பன்னிரண்டு மாதங்களில் தாமாக விலகியவர்களின் விகிதம், 28.4 சதவீதம். நான்கில் ஒருவருக்கும் மேல்.

இரண்டே ஆண்டில் அது 13 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஊழியர்களுக்கு வேலை திடீரென்று பிடித்துப்போய்விட்டதா? அப்படி எந்த அறிகுறியும் இல்லை. ஊதிய உயர்வுகள் தள்ளிப்போயின. வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் அலுவலகத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். வெளியே ஆளெடுப்பு வற்றியது. போக இடமில்லாதவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். காலாண்டு அறிக்கைகளை வாசிக்கும் பங்குச்சந்தைக்கு இது நல்ல செய்தி. ஊழியர் ஈடுபாட்டைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இது எதையுமே சொல்லாத எண். விலகாமல் இருப்பவர் வேலையில் மனம் வைத்திருக்கிறார் என்று கணக்கெழுதும் பழக்கம் நம் மனிதவளத் துறைகளில் ஊறிப்போயிருக்கிறது.

பொறியாளர்களின் ஈடுபாடு பற்றிய பேச்சை நாம் எப்போதும் அவர்கள் சேர்ந்த பிறகே தொடங்குகிறோம்: ஆண்டு விழா, விருது, கருத்துக் கணிப்பு, குழுவாக மகாபலிபுரத்துக்கு ஒருநாள் சுற்றுலா. என் வாசிப்பில் விஷயத்தின் பெரும்பகுதி அதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. யாருக்கு எந்த வேலை என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள். அந்த வேலை எவ்வளவு சிறு துண்டாக நறுக்கப்பட்டுக் கைக்கு வருகிறது. இவை இரண்டும்தான் கேள்விகள்.

தமிழ்நாட்டில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, பிறகு வந்த கோவை, காரைக்குடி, மதுரைக் கல்லூரிகள் என்று நீண்டகாலம் பொறியியல் இடங்கள் சொற்பம். படித்தவர் பொதுப்பணித் துறை, மின்வாரியம், நெய்வேலி, ரயில்வே, இல்லாவிட்டால் கோவையிலோ அம்பத்தூரிலோ ஒரு தொழிற்சாலை என்று போனார். படித்த பிரிவுக்கும் பார்த்த வேலைக்கும் ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. 1980-களின் நடுவில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் என்ற மென்பொருள் பூங்கா வந்தது. மெக்கானிக்கலோ சிவிலோ எதைப் படித்திருந்தாலும், எழுத்துத் தேர்வில் தேறினால் மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் நிரல் எழுதலாம் என்ற ஏற்பாடு அதன் பிறகுதான் வழக்கமானது. எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரிகளை நடுத்தர வாழ்க்கைக்குள் கொண்டுவந்தது இந்த ஏற்பாடுதான். அதை மறந்துவிட்டு இதைப் பழிப்பது நியாயமாகாது. ஆனால் படிப்பு என்னவாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆளெடுக்கும் முறைக்குள்ளேயே, ஆள் யாராக இருந்தாலும் பரவாயில்லை என்பதும் இருக்கிறது.

காரணம் அந்தத் தொழிலின் கணக்கு. மென்பொருள் சேவை நிறுவனம் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் ஆட்களின் நேரத்தையே விற்கிறது. ஒரு திட்டத்தில் அனுபவசாலிகள் சிலர், புதியவர்கள் பலர் என்று பிரமிடு போல அடுக்கினால்தான் லாபம் நிற்கும். பிரமிடின் அடித்தளம் மலிவாக இருந்தாக வேண்டும். புதியவருக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற தொகை பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே நிற்பதன் ரகசியம் இதுதான்; விலைவாசி மட்டும் நிற்கவில்லை. சேர்ந்தவர் எந்தத் திட்டத்துக்குப் போவார் என்பது அவருடைய விருப்பத்தையோ திறமையையோ பொறுத்தது அல்ல. அந்த வாரம் எங்கே ஆள் தேவைப்பட்டது என்பதைப் பொறுத்தது. தேவைப்படாதவர் திட்டம் எதுவும் இல்லாமல் ‘பெஞ்சில்’ காத்திருப்பார். ஜாவா படித்துத் தேறியவரை, முப்பது வருடப் பழைய வங்கி மென்பொருளின் பராமரிப்பில் போடுவார்கள். வேலை என்பது டிக்கெட்டுகளின் வரிசை: வந்த டிக்கெட்டை நேரத்துக்குள் மூட வேண்டும். மூடியது யாருக்குப் பயன்பட்டது, அந்த வங்கி எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

வேலை தொடங்குவதற்கு முன்பே உறவு கெடுவதும் உண்டு. 2022-இல் இன்ஃபோசிஸ் தேர்ந்தெடுத்த பட்டதாரிகள் பலர் பணியில் சேர 2024 வரை காத்திருந்தார்கள். 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆறரை லட்சம் என்று சொல்லியிருந்த புதியவர்களிடம் மூன்றரை லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று கேட்டது. சந்தை சரிந்தால் நிறுவனம் என்ன செய்யும் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அப்படிக் காத்திருந்து சேர்ந்தவரிடம் முதல் வாரமே நிறுவனத்தின் விழுமியங்கள் பற்றி வகுப்பெடுத்தால் அவர் எந்த முகத்தோடு கேட்பார் என்பதும் நியாயமான கேள்வியே.

தொழிற்சாலைப் பக்கம் நிலைமை இன்னும் விசித்திரம். 2024-25 கல்வியாண்டு முதல், பொறியியல் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ, நன்கு இயங்கும் கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைக்கலாம் என்ற உச்சவரம்பை நீக்கியது. கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் பெருகின. மெக்கானிக்கல், சிவில் வகுப்புகள் பல கல்லூரிகளில் காலியாகவோ மூடப்பட்டோ போயின. இதே ஆண்டுகளில்தான் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது (2024 செப்டம்பர்), தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டது (2025 ஆகஸ்ட்), ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் செல்பேசி உற்பத்தி விரிந்தது. இயந்திரங்கள் வந்துகொண்டிருக்க, இயந்திரவியல் படிக்க ஆளில்லை.

மாணவர்கள் அறியாமையால் இப்படிச் செய்வதாக நினைத்தால் தவறு. உற்பத்திக் கூடத்துக்கு அதிகம் தேவைப்படுவோர் ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்கள். பி.இ. படித்தவருக்கு இருக்கும் இடங்கள் குறைவு. கிடைத்தாலும் பலர் அப்ரென்டிஸாகவே உள்ளே போகிறார்கள். பட்டதாரி அப்ரென்டிஸுக்கு 2019-இல் விதியில் நிர்ணயித்த குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். இரண்டாம் ஆண்டில் ‘கோர் கம்பெனிக்குத்தான் போவேன்’, அதாவது படித்த பிரிவின் வேலைக்குத்தான் போவேன் என்று சொல்லும் பையன் இறுதியாண்டில் மாஸ் ரெக்ரூட்டரின் ஆப்டிட்யூட் தேர்வுக்கு உட்காருவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான். கல்விக் கடன் தவணை அவனுடைய ஆர்வத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

வேலையில் மனம் ஒட்டுவது எதனால் என்று ஆராய்ந்தவர்களில் பெயர்பெற்ற ஒருவர் பொறியாளர்களைத்தான் முதலில் கேட்டார் என்பது பலருக்கு நினைவிருக்காது. ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய இரு சகாக்களும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு 1959-இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். கேள்வி எளிமையானது: வேலையில் மிக நன்றாக உணர்ந்த ஒரு தருணத்தைச் சொல்லுங்கள், மிக மோசமாக உணர்ந்த ஒன்றையும் சொல்லுங்கள். நல்ல தருணங்களில் திரும்பத் திரும்ப வந்தவை சாதித்தது, அது கவனிக்கப்பட்டது, வேலையின் சுவை, பொறுப்பு கிடைத்தது. மோசமான தருணங்களில் வந்தவை நிர்வாகத்தின் விதிகள், மேற்பார்வையாளர், சம்பளம், பணிச்சூழல். இரண்டு பட்டியலும் வேறு வேறு. சம்பளத்தையும் சூழலையும் சரிசெய்தால் அதிருப்தி குறையும். ஆனால் அதனாலேயே வேலையில் ஆர்வம் பிறந்துவிடாது என்பது ஹெர்ஸ்பெர்க்கின் முடிவு.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. நல்லது நடந்தால் அதைத் தன் சாதனை என்றும், கெட்டது நடந்தால் அதை மேலாளரின் குற்றம் என்றும் சொல்வது மனித இயல்பு. ஆகவே அந்த இரு பட்டியல்களும் வேலையைப் பற்றியவையா, அல்லது நாம் கதை சொல்லும் விதத்தைப் பற்றியவையா? மறுப்பு சரியென்றே நினைக்கிறேன். அதோடு மூன்றரை லட்சத்தில் சென்னையில் மூன்று பேரோடு அறை எடுத்துத் தங்கி ஊருக்குப் பணம் அனுப்புகிறவரிடம் சம்பளம் இரண்டாம் பட்டியலைச் சேர்ந்தது என்று பாடம் நடத்த முடியாது. இருந்தும் ஹெர்ஸ்பெர்க்கின் ஒரு பாதி அசையாமல் நிற்கிறது. கார் கொடுப்பது தக்கவைக்கும் வழிகளில் ஒன்றாக இருக்கலாம். திங்கட்கிழமை காலையில் மேசைக்கு வரும் வேலையை அது மாற்றாது.

ஈடுபாடு என்ற கருத்தை இன்றைய பொருளில் ஆய்வுலகில் நிறுத்தியவர் வில்லியம் கான். 1990-இல் வெளியான கட்டுரையில் அவர் கோடை முகாம் ஒன்றின் பயிற்றுநர்களையும் கட்டடக் கலை நிறுவனம் ஒன்றின் ஊழியர்களையும் கவனித்து எழுதினார். ஒரே ஆள் காலையில் முழு மனதோடும் மாலையில் வெறும் உடம்போடும் வேலை செய்வதை அவர் கண்டார். மூன்று நிலைமைகள் அமைந்தால் ஆள் தன்னை வேலைக்குள் கொண்டுவருகிறார் என்பது அவர் கணிப்பு: செய்வதில் அர்த்தம் தெரிய வேண்டும்; மனதில் பட்டதைச் சொன்னால் தலைக்கு ஆபத்து வராது என்ற நம்பிக்கை வேண்டும்; வேலைக்குத் தர உடலிலும் மனதிலும் மிச்சம் ஏதாவது இருக்க வேண்டும். கான் இதை மனிதர்களின் குணமாகப் பார்க்கவில்லை. கணத்துக்குக் கணம் மாறும் நிலையாகப் பார்த்தார். பிற்பாடு வந்த கருத்துக்கணிப்புத் தொழில் இதை ஆண்டுக்கொரு முறை எடுக்கும் மதிப்பெண்ணாக மாற்றிவிட்டது. கேலப் நிறுவனத்தின் கணிப்பின்படி 2024-இல் உலக ஊழியர்களில் 21 சதவீதம் பேரே ஈடுபாட்டோடு இருந்தார்கள். இத்தகைய எண்களை நான் சற்றுச் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன். பெயர் வெளியே தெரியாது என்று சொல்லிவிட்டு எம்ப்ளாயி ஐடியால் உள்நுழையச் சொல்லும் படிவத்தில் ஐந்துக்கு நான்கு போட்டுவிட்டு வராதவர் யார்? கான் சொன்ன இரண்டாவது நிலைமை இல்லாத இடத்தில் கணிப்பு அளப்பது எச்சரிக்கையுணர்வை மட்டும்தான்.

அர்த்தத்தை வெளியிலிருந்து ஊட்ட முடியாது, வேலையின் வடிவத்தை மாற்றினால் அது தானே வரும் என்பதற்கு இந்திய மண்ணிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ், சாராபாய் குடும்பத்தின் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு வந்தார். அங்கே தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. கூடத்தில் 224 தறிகள், 29 பேர், அவர்களுக்கு 12 வகை வேலைகள். நெசவாளி ஒரு கணக்குத் தறிகளைப் பார்த்தார். அறுந்த இழையை ஒட்டுகிறவர் வேறொரு கணக்கைப் பார்த்தார். எண்ணெய் போடுகிறவருக்கு இன்னொன்று. எந்த இருவருடைய எல்லையும் ஒத்துவரவில்லை. ஒரு தறி நின்றால் அது யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் இல்லை. இயந்திரம் நவீனம், வேலைப் பிரிவினை அறிவியல்பூர்வம், ஆனால் அந்தக் கூடத்தில் ‘நாம்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு குழுவும் இல்லை.

ரைஸ் முன்வைத்த யோசனை, ஒரு தொகுதித் தறிகளை ஒரு சிறு குழுவிடம் முழுமையாக ஒப்படைப்பது. உள்ளே யார் எதைச் செய்வது என்பதைக் குழுவே பார்த்துக்கொள்ளும். தொழிலாளர்கள் அதைச் சட்டென்று பற்றிக்கொண்டு, தாங்களாகவே குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். ஆரம்பத் தடுமாற்றங்களுக்குப் பிறகு உற்பத்தி உயர்ந்தது. துணியில் சேதம் குறைந்தது. பதினேழு ஆண்டு கழித்து, 1970-இல், அதே டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் அங்கே திரும்பிப் போனபோது ஒரு கூடத்தில் அந்தக் குழுமுறை ஏறக்குறைய அப்படியே நீடித்தது. மற்ற இடங்களில் பழைய முறைக்கே சரிந்திருந்தது. சந்தை நெருக்கடி வந்தபோது மேலிருந்து தலையிட்டு ஆட்களை இடம் மாற்றிய கூடங்கள் தாக்குப்பிடிக்கவில்லை. வேலை நடத்தும் உரிமையைக் கொடுத்தால் மட்டும் போதாது, கஷ்ட காலத்தில் அதைத் திரும்பப் பிடுங்காமல் இருக்கவும் வேண்டியிருக்கிறது.

இதே பாடத்துக்கு நம்மூர் வடிவம் சென்னை பாடியில் இருக்கிறது. 1998-இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு தர மேம்பாட்டுக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் முதல் முறை. அடுத்த சில ஆண்டுகளில் டி.வி.எஸ். மோட்டார் உட்படத் தமிழ்நாட்டின் வாகன, உதிரிபாக நிறுவனங்கள் பல அதைப் பெற்றன. பரிசுக்குப் பின்னால் இருந்தது பல ஆண்டுப் பழக்கம். ஒரே லைனில் நிற்கும் ஐந்தாறு பேர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து தங்கள் கண்ணில் படும் ஒரு குறையைத் தேர்ந்தெடுப்பார்கள். எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவார்கள். காரணங்களை மீன்முள் வடிவப் படத்தில் கிளைபிரித்து எழுதுவார்கள். ஒவ்வொன்றாகச் சோதித்து மாற்றத்தைச் செய்துபார்த்து, முடிவை மேலாளர் முன்னால் தாங்களே நின்று சொல்வார்கள். க்யூசி சர்க்கிள் என்று இதற்குப் பெயர். பிட்ஸ்பர்க் பொறியாளர்கள் சொன்ன சாதனை, கவனிப்பு, பொறுப்பு மூன்றும் இதில் ஒருசேரக் கிடைக்கின்றன, தனியாக எந்த விழாவும் இல்லாமல்.

இதுவும் கெட்டுப்போகக் கூடியதே. ஆளுக்கு மாதம் இத்தனை யோசனை என்று இலக்கு வைத்துவிட்டால், குப்பைத்தொட்டியை ஓரடி நகர்த்தும் யோசனைகள் குவியும். எண்ணிக்கை உயரும், யாரும் யோசிக்கமாட்டார்கள். பொறியியல் கல்லூரிகளில் தேசிய அங்கீகாரக் குழு வருவதற்கு முந்தின வாரம் தயாராகும் கோப்புகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வியாதி புதிதல்ல.

கானின் மூன்றாவது நிலைமையான மிச்சம் இருக்கும் தெம்பை நாம் பேசுவதே இல்லை. 2023 அக்டோபரில் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் 90 மணி நேரம் என்றார். இவை இரண்டுக்கும் முன்பே தமிழ்நாடு சட்டமன்றத்தில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் தொழிற்சாலைத் திருத்த மசோதா நிறைவேறி, எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. தாம்பரத்திலிருந்து ஓரகடத்துக்கு கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரத்தை எந்த 70 மணி நேரக் கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை. பெண் பொறியாளர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. 2017 சட்டத் திருத்தம் 26 வார மகப்பேறு விடுப்பையும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. விடுப்பு ஏட்டில் வந்துவிடும். திரும்பி வந்தவரின் திட்டம் வேறொருவர் கையில் போயிருக்கும். மீண்டும் பெஞ்ச், மீண்டும் டிக்கெட் வரிசை. அவர் வேலையை விட்டால் குடும்பக் காரணம் என்று எக்ஸிட் இன்டர்வியூவில் பதிவாகும்.

ஆளெடுக்கும் வாசலையே மாற்றிப் பார்த்த உதாரணமும் உண்டு. ஸோஹோ 2005 வாக்கிலிருந்து பள்ளி முடித்த மாணவர்களை உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்றுவித்து எடுத்துக்கொள்கிறது. 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. பட்டத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து எடுத்து, அவர் செய்யப்போகும் பொருளை வைத்தே பயிற்சி கொடுப்பது, ஊரைவிட்டு வராமலே வேலை பார்க்க வைப்பது. இதைக் கொண்டாடுவோர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஸோஹோ சொந்த மென்பொருளை விற்கும் நிறுவனம். ஆட்களின் நேரத்தை விற்கும் நிறுவனத்தால் இதைக் காப்பியடிக்க முடியாது, விரும்பினாலும்.

அந்த நேர வியாபாரமே இப்போது ஆட்டம் காண்கிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையினர். இன்னொரு பக்கம், புதியவர்கள் செய்துவந்த டிக்கெட் வேலையில் ஒரு பகுதியைச் செயற்கை நுண்ணறிவு செய்யத் தொடங்கிவிட்டது. அலுப்பூட்டும் வேலை போவது நல்லதுதானே என்று தோன்றலாம். ஆனால் புதியவர் தொழில் கற்றதும் அந்த வேலையில்தான்: பழைய நிரலைப் பிரித்துப் படித்து, எங்கே உடைகிறது என்று தேடித் தேடி. பிரமிடின் அடித்தளம் சுருங்கினால், மீதி இருக்கும் புதியவரிடம் இரண்டாம் ஆண்டிலேயே ஒரு முழுப் பகுதியை நம்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் வாடிக்கையாளரிடம் நேராகப் பேச வேண்டும். தவறு செய்தால் அவரே திருத்த இடம் தர வேண்டும். காலிகோ மில் செய்தது ஏறக்குறைய அதுதான். அதற்கு மேலாளர்கள் தங்கள் அதிகாரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும். நிறுவனம் ஒருவரின் கற்றல் காலத்துக்கு வாடிக்கையாளரிடம் பில் போட முடியாமல் தானே செலவு செய்ய வேண்டும். 2024-இல் உச்சவரம்பு நீங்கியதும் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்த முதல் அணி 2028-இல் பட்டம் பெற்று வெளியே வருகிறது. அவர்களை எடுக்கப்போகும் நிறுவனங்களின் பட்ஜெட்டில் இந்தச் செலவுக்கு இன்னும் தலைப்பு இல்லை. ஊழியர் ஈடுபாட்டுக்கு என்று தனித் தலைப்பு உண்டு, அதில் டி-ஷர்ட்டும் கேக்கும் அடங்கும்.